முதுகைப் பார்க்கிற வேலை

பெரம்பூரில் ஒரு தோல் மருத்துவமனையில் லேசர் டெக்னீஷியனாக இருக்கிறேன். முடி நீக்கும் லேசர் என்றால் பெண்கள் முகத்துக்குச் செய்துகொள்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அறைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஆண்கள். அவர்களில் பெரும்பாலோர் முதுகுக்காக வருகிறார்கள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர், மணலி என்று வடசென்னை முழுக்க இருந்து வருகிறார்கள். வெல்டிங் வேலை செய்கிறவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், படகில் போகிறவர், ஜிம் டிரெய்னர், கல்யாணம் நிச்சயமான பையன் என்று எல்லா விதமும் உண்டு.

ரிசப்ஷனில் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டால் ஒருத்தரும் நேராகச் சொல்வதில்லை. ‘ஸ்கின் பிராப்ளம்’ என்பார்கள். உள்ளே வந்து கதவைச் சாத்தின பிறகுதான் சட்டையின் முதல் பட்டனில் கை போகும். அப்போதும் அவிழ்க்கத் தயங்குவார்கள். ஒருவர் திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு போய், சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதால் வெளியிலேயே நின்றுவிட்டு வந்தவர். இன்னொருவர் மே மாதப் புழுக்கத்திலும் பனியனோடுதான் படுப்பார். அவர் மனைவி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் ‘கரடி’ என்று கூப்பிட்ட ஒருவன் போதும், இருபது வருஷத்துக்கு.

வீட்டில் சொன்னால் ‘ஆம்பளைன்னா முடி இருக்கத்தான் செய்யும், இதுக்குப் போயி காசா?’ என்று கேட்கிறார்களாம். முதல் பாதி உண்மை. பரம்பரையும் ஆண் ஹார்மோனும் சேர்ந்து முதுகில் முடியைத் தடிக்க வைக்கின்றன. அது நோய் கிடையாது. நானும் முதலில் இதைத்தான் சொல்வேன். அதைக் கேட்டு நிம்மதியாக எழுந்து போனவர்கள் உண்டு, எனக்கு அதில் சந்தோஷம். ஆனால் கேட்டும் போகாதவரை ஆடம்பரத்துக்கு வந்தவர் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. மாதச் சம்பளத்தில் எண்ணி எடுத்து வைத்த பணத்தோடு வருகிறவர் அவர்.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை எல்லோரிடமும் உட்கார வைத்துச் சொல்லிவிடுவேன். 1983இல் அமெரிக்காவில் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். சரியான அலைநீளத்தில், சரியான கால அளவுக்கு ஒளியைப் பாய்ச்சினால், சுற்றியிருக்கும் திசுவைச் சுடாமல் நிறமுள்ள இலக்கை மட்டும் சூடாக்கலாம் என்பது அது. முடிக்கு அந்த நிறத்தைக் கொடுப்பது மெலனின். அது ஒளியை வாங்கிச் சூடாகிறது. அந்தச் சூடு வேர்ப்பையில் முடியை மறுபடி மறுபடி முளைக்க வைக்கும் செல்களைப் போய்த் தாக்க வேண்டும். வெயிலில் கறுப்புச் சட்டை சீக்கிரம் சுடுகிற மாதிரிதான் என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. அப்புறம் அடுத்ததையும் சொல்ல வேண்டும்: அதே மெலனின் நம் தோலிலும் நிறைய இருக்கிறது. தோல் கறுக்கக் கறுக்க ஒளியை மேலேயே பிடித்துக்கொள்ளும். அப்போது வேருக்குப் பதில் தோல் வெந்துபோகும்.

அதனால்தான் 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்ஸாண்ட்ரைட் லேசர் வெள்ளைத் தோலுக்கு நன்றாக வேலை செய்தாலும் நமக்கு ஆபத்து அதிகம். கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது. அதன் ஒளியை மெலனின் குறைவாகவே வாங்குகிறது, ஒளியும் ஆழமாக இறங்குகிறது. 810க்குப் பக்கத்தில் இருக்கும் டயோடு லேசரையும் நீளமான பல்ஸில், அதாவது ஒவ்வொரு ஒளித்துடிப்பையும் கொஞ்சம் நீட்டி, நல்ல கூலிங்கோடு, மாநிறத்துக்குப் பயன்படுத்துகிறோம். வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு ‘அவன் மாதிரி பவர் ஏத்தி அடிங்க’ என்று கேட்கும் தம்பிகளிடம் இதைச் சொல்லிப் புரிய வைக்காமல், ஒளி பாயும் கைப்பிடியான ஹேண்ட்பீஸை நான் தொடுவதில்லை.

மிஷினை ஓட்டுவதை யாருக்கும் சில வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். முதுகைப் பார்க்கத்தான் வருஷக்கணக்கில் ஆகிறது. முகத்தில் ஒரு புள்ளி வந்தால் அன்றைக்கே கண்ணாடியில் தெரிந்துவிடும். முதுகு அதன் சொந்தக்காரருக்கே தெரியாது. நல்ல வெளிச்சத்தில், நிதானமாக, அவர் முதுகை முழுசாகப் பார்க்கிற முதல் ஆள் பல நேரம் நானாகத்தான் இருக்கிறேன். அதனால் லேசர் போடுவதற்கு முன்னால் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரு சுற்று பார்ப்பேன். என்ன என்று பெயர் சொல்வது டாக்டரின் வேலை. இதை டாக்டர் பார்க்கணும் என்று நிறுத்துவது என் வேலை.

அப்படி நிறுத்த வேண்டியவை நிறைய. ஒரு கல்லூரிப் பையன் வலது தோளில் மட்டும் முடி அடர்ந்திருக்கிறது என்று வந்தான். முடிக்கு அடியில் தோல் பழுப்பாகத் திட்டுப் போட்டிருந்தது. ஓரம் கடலோர வரைபடம் போல ஒழுங்கில்லாமல் இருந்தது. ‘சின்ன வயசுல இல்லண்ணா, பிளஸ் ஒன் படிக்கிறப்ப வந்துச்சு’ என்றான். டாக்டர் பார்த்து பெக்கர் நீவஸ் என்றார். பருவ வயதில் பையன்களுக்குத் தோளிலும் முதுகின் மேல்பகுதியிலும் வருகிற ஒரு வகை மச்சம் அது. பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் திட்டே கறுப்பாக இருப்பதால் சாதாரண முதுகுக்கு வைக்கிற அளவை அதன் மேல் வைத்தால் வெந்துவிடும்.

இடுப்புக்கு மேலே, முதுகெலும்பின் நடுக்கோட்டில் மட்டும், பிறந்ததிலிருந்தே ஒரு கொத்து முடி இருந்தால் நான் உடனே ஹேண்ட்பீஸைக் கீழே வைத்துவிடுவேன். உள்ளே தண்டுவடத்தில் பிறவிக் கோளாறு இருப்பதற்கு அது வெளி அடையாளமாக இருக்கக்கூடும். அழகுக்காக அந்த முடியை எடுத்துவிட்டால் அந்த அடையாளமும் போய்விடும்.

எங்கள் பக்கத்தில் அதிகம் பார்ப்பது படர்தாமரை. வியர்வையும் ஈர பனியனும் போதும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கின ஸ்டீராய்டு கலந்த ட்யூபை மாதக்கணக்கில் தடவியிருப்பார்கள். தோல் மெலிந்திருக்கும், தடவின இடத்தில் முடி கூடவும் செய்திருக்கும். அதைக் குணப்படுத்தாமல் லேசர் கிடையாது. தோளிலும் மார்பிலும் பழைய பருத் தழும்பு பொங்கி கெலாய்டாக வளர்ந்திருந்தால் இன்னும் எச்சரிக்கை. பச்சை குத்தின இடத்தில் போடவே கூடாது, மையும் ஒளியை வாங்கும். அம்மா பெயரை முதுகில் குத்தியிருந்த ஒரு தம்பி ‘சுத்தி மட்டும் எடுத்துடுங்கண்ணா’ என்றான். பச்சையைச் சுற்றி நல்ல இடைவெளி விட்டு, வெள்ளைப் பென்சிலில் எல்லை போட்டுக்கொண்டு செய்தேன்.

காசிமேட்டுக்காரர்கள் விஷயம் தனி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர்களுக்கு அப்போதுதான் ஓய்வு, அதனால் தடை தொடங்கின வாரமே வந்துவிடுவார்கள். ஆனால் அது முந்தின நாள் வரை கடல் வெயிலில் வெறும் உடம்பாக நின்ற முதுகு. இடுப்புத் துணி மறைத்த இடத்துக்கும் மேலே இருக்கிற இடத்துக்கும் இரண்டு நிறம் இருக்கும். ‘இப்பவே போடுப்பா, ஜூன்ல தொழிலுக்குப் பூடுவேன்’ என்பார்கள். ‘ஒரு மாசம் சட்டை போட்டுக்கினு இருங்கண்ணே, மே நடுவுல ஆரம்பிக்கலாம்’ என்பேன். கோபித்துக்கொண்டு போனவரும் உண்டு. வெயிலில் கறுத்த தோலில் லேசர் போட்டு வட்ட வட்டமாகச் சூடு விழுந்து, வேறொரு இடத்திலிருந்து எங்களிடம் வந்த முதுகுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தழும்பு நிறம் மாறி வர மாதக்கணக்கில் ஆகிறது. சிலருக்கு வெள்ளைத் திட்டாகவே நின்றுவிடுகிறது.

சிட்டிங் அன்றைக்கு வேலை எளிது. முந்தின நாள் ஷேவ் செய்துகொண்டு வர வேண்டும். வாக்ஸ் கூடாது, பிடுங்கவும் கூடாது, வேரில் முடி இருந்தால்தான் ஒளிக்கு இலக்கு இருக்கும். முதுகை யார் ஷேவ் செய்வது என்பது அவர்களுக்குப் பெரிய சங்கடம். சலூன் அண்ணனிடம் கேட்கக் கூச்சப்பட்டு, தம்பியை வைத்துச் செய்துகொண்டு வருவார்கள். குப்புறப் படுக்க வைத்து, இரண்டு பேரும் அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜெல் தடவி, முதலில் ஒரு ஓரத்தில் கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கிற டெஸ்ட் பேட்ச். முடி அடர்த்தியாக இருக்கும் முதல் சிட்டிங்கில்தான் சூடும் வலியும் அதிகம். அப்போது அளவைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும். முடி மெலிய மெலிய ஏற்றலாம். தோள்பட்டை எலும்பின் மேலும் முதுகெலும்பின் மேலும் சுருக்கென்று இருக்கும், அந்த இடம் வரும்போது முன்னாலேயே சொல்லிவிடுவேன். கருகிய முடியின் புகையை இழுக்கக் கருவி ஓடும், நான் முகக்கவசம் போட்டிருப்பேன்.

வலிக்கு பயந்து மரத்துப்போகும் கிரீமை முதுகு முழுக்கத் தடவிக்கொண்டு வரட்டுமா என்று கேட்கிறவர்களிடம் கண்டிப்பாக வேண்டாம் என்கிறேன். முதுகு பெரிய பரப்பு. அவ்வளவு இடத்தில் தடவி பிளாஸ்டிக் தாளால் மூடினால் மருந்து ரத்தத்தில் கலந்து வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தவறலாம். அமெரிக்காவில் லேசருக்கு முன்னால் இப்படிக் காலில் தடவிக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் இறந்தார்கள். அங்குள்ள உணவு மருந்து நிர்வாகம் 2007இல் இதற்காக எச்சரிக்கை வெளியிட்டது. நிறுத்தி நிறுத்திச் செய்வோம், தாங்க முடியாவிட்டால் பாதி முதுகோடு இன்றைக்கு விட்டுவிடுவோம் என்றுதான் சொல்வேன்.

குப்புறப் படுத்த மனிதர் பேச ஆரம்பித்துவிடுவார், முகம் பார்க்க வேண்டியதில்லை அல்லவா. கடன், பெண் பார்த்த கதை, அப்பாவோடு பேச்சு இல்லாதது என்று எல்லாம் வரும். கேட்டுக்கொள்வேன், அறைக்கு வெளியே கொண்டுபோவதில்லை. போட்டோவும் அப்படித்தான். அவர் சம்மதித்தால் அவர் போனிலேயே எடுத்து அவரிடமே கொடுத்துவிடுவேன்.

எனக்குத் தாங்க முடியாத விஷயம் ஆறு சிட்டிங்கில் அடியோடு போய்விடும் என்று சொல்லி பேக்கேஜ் விற்பது. லேசர் வளர்நிலையில் இருக்கும் முடியைத்தான் பிடிக்கும். ஒரே நேரத்தில் எல்லா முடியும் அந்த நிலையில் இருக்காது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை வர வேண்டியிருக்கிறது. முதுகுக்கு எட்டு, சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படுகிறது. முடிந்த பிறகும் மெல்லிய முடி மிஞ்சும். நரைத்த முடிக்கு லேசர் ஒன்றும் செய்யாது. இருபது வயதில் முடித்துவிட்டாலும் முப்பதிலும் நாற்பதிலும் புதிய இடத்தில் முளைக்கலாம், முதுகு முடி வயதோடு கூடுகிற சமாசாரம். அரிதாகச் சிலருக்கு லேசர் போட்ட இடத்தின் ஓரத்திலேயே முடி கூடுவதும் உண்டு. இளம் ஆண்களுக்குத் தோளிலும் முதுகிலும் இது நடக்கக்கூடும். இத்தனையும் பணம் கட்டுவதற்கு முன்னால் தெரிய வேண்டும். தெரிந்துகொண்டு செய்தவர் மிச்ச முடியைப் பார்த்து உடைந்துபோவதில்லை.

டிரைவர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப் போகிறவர்கள் எண்ணூர் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் சிலரை அறுவை சிகிச்சை டாக்டர்கள் எங்களிடம் அனுப்புகிறார்கள். பிட்டப் பிளவுக்கு மேலே முடி தோலுக்குள் புகுந்து சீழ் கட்டும் பைலோனிடல் சைனஸுக்காக அறுவை செய்தவர்கள் அவர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜீப் ஓட்டிய அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இது நிறைய வந்ததால் ஜீப் நோய் என்றே சொன்னார்களாம். அந்த இடத்தில் முடி குறைந்தால் மறுபடி வருவது குறைகிறது. நான் செய்கிற லேசரில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. உட்கார முடியாமல் வண்டியை விட்டவர் மறுபடி ஸ்டியரிங் பிடிக்கிறார்.

கல்யாணப் பையன்கள் நலங்குக்கு மூன்று வாரம் முன்னால் வந்து நிற்பார்கள். அவர்களை சலூனுக்கு அனுப்பிவிடுகிறேன். ஒரு சிட்டிங்கில் முடி கொஞ்சம் கொட்டும், திட்டுத் திட்டாக மிஞ்சும், அதற்கு ஷேவே மேல். தை கடந்து, சித்திரைப் பக்கம் கல்யாணம் என்றால் ஐப்பசி மழையிலேயே ஆரம்பித்துவிடச் சொல்கிறேன். வெயில் குறைவு, சட்டையும் உடம்பில் இருக்கும். எட்டு வாரத்துக்கு ஒன்று என்று வைத்தால் சித்திரைக்குள் நான்கு முடிந்துவிடும். மிச்சத்தை மாப்பிள்ளையான பிறகு வந்து முடித்துக்கொள்ளலாம்.