இன்றேல், ஏன்?

இலங்கைப் பாராளுமன்றத்தில் பேசப்படுவதைப் பதிவுசெய்து அச்சிடும் ஹன்சாட்டைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் அங்கே கேட்கப்படும் வினாக்களின் அமைப்பை நன்கு அறிவார்கள். வாய்மூல விடைக்கான வினா (அ) என்று தொடங்கும், அதன்கீழ் உட்பிரிவுகள் வரும், "என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?" என்று அப்பகுதி முடியும். அதன்பின் (ஆ) என்ற எழுத்தின் கீழ் இரண்டே சொற்கள் நிற்கும்: "இன்றேல், ஏன்?" கேட்ட விவரத்தை அமைச்சர் தந்துவிட்டால் அந்தப் பகுதிக்கு "எழாது" என்று சொல்லி அமர்ந்துவிடலாம். தராவிட்டால் ஏன் தரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும் என்பதே அவ்வினாவின் எதிர்பார்ப்பு.

யாழ்ப்பாணத்தில் சிறுதொழில் தொடங்குவோருக்கும் தொழில் பழகும் பிள்ளைகளுக்கும், அலுவலகங்களுக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பங்களையும் கடிதங்களையும் எழுதிக் கொடுக்கும் வேலையை நான் மாலை வேளைகளில் செய்துவருகிறேன். அந்த வேலையிலிருந்து நான் உறுதியாக அறிந்துகொண்டது ஒன்று உண்டு. அரசாங்கத்தின் பதிலில் நமக்கு முதலில் தேவைப்படுவது காரணம்; எண்ணிக்கை அதற்குப் பிறகுதான். அந்தக் காரணத்தைக் கேட்டுப் பெறும் உரிமை, பாராளுமன்ற உறுப்பினருக்கு மட்டுமன்றி, கருமபீடத்தின் முன்னால் கோப்பை வைத்துக்கொண்டு நிற்கும் குடிமகனுக்கும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதை நாம் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

பயிலுநர் பயிற்சியைப் பற்றி விரிவாகவே பேச விரும்புகிறேன், ஏனென்றால் பதில்கள் அதிகம் வந்தும் விடயம் விளங்காமல் இருப்பது அங்கேதான். இந்நாட்டில் 1971 ஆம் ஆண்டின் 49 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தேசிய பயிலுநர் சபை அமைக்கப்பட்டது. பின்னர் 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டம் அதனிடத்தில் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையை, அதாவது எல்லோரும் 'நைட்டா' என்று சொல்லும் நிறுவனத்தை, உருவாக்கியது. வகுப்பறையில் இருந்து படிப்பதை முதன்மையாகக் கொள்ளாமல், ஒரு நிறுவனத்திலோ ஒரு கைவினைஞரிடமோ சேர்ந்து, வேலை செய்தபடியே பழகி, முடிவில் தேர்வுக்குத் தோற்றித் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழைப் பெறுவது இந்த வழி. அத்தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது: முதல் நான்கும் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள், ஏழாவது பட்டத்துக்கு நிகரானது.

எங்கள் ஊர்களுக்கு இந்த முறை புதியதல்ல. கராஜ், தச்சுப்பட்டறை, நகை வேலை, மின்னிணைப்பு வேலை என்று எதை எடுத்தாலும், தெரிந்த ஒருவரிடம் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டு "வேலையைப் பழக்கிவிடுங்கோ" என்று சொல்லி வருவது இன்றும் நடக்கிறது. அப்படிப் பழகிய பிள்ளை சில ஆண்டுகளில் ஓர் இயந்திரத்தைத் தனியாகக் கழற்றிப் பூட்டும் திறமையைப் பெற்றுவிடுகிறான். ஆயினும் வெளிநாட்டு வேலைக்கோ, ஒரு பெரிய நிறுவனத்துக்கோ விண்ணப்பிக்கும்போது அந்தத் திறமைக்குச் சான்றாகக் காட்ட அவனிடம் ஒரு தாளும் இருப்பதில்லை. இத்தகையோருக்காகவே முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை இருக்கிறது. ஏற்கெனவே கற்றுக்கொண்டதை மதிப்பீட்டாளர் முன்னிலையில் செய்து காட்டினால், மீண்டும் பயிற்சி வகுப்பில் இருக்காமலேயே உரிய மட்டச் சான்றிதழைப் பெறலாம். இது இருப்பதை அறியாத பட்டறை முதலாளிகளை நான் இன்னும் சந்திக்கிறேன். அது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

தொழிற்பயிற்சி பற்றிப் பாராளுமன்றத்திலும் அலுவலகங்களிலும் கிடைக்கும் பதில்களில் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் சேர்க்கப்பட்டோர் தொகைதான். சேர்க்கப்பட்டோர் தொகை அலுவலகம் எவ்வளவு வேலை செய்தது என்பதைக் காட்டுமே தவிர, அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்பதைக் காட்டாது. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒப்பந்தம் எழுதிய பயிலுநர்களில் எத்தனை பேர் இடைநடுவில் விலகினார்கள், விலகியவர்களிடம் காரணம் கேட்கப்பட்டதா, இறுதி மதிப்பீட்டுக்குத் தோற்றியவர் எத்தனை பேர், மதிப்பீடு முடிந்து சான்றிதழ் கைக்கு வர எத்தனை மாதங்கள் எடுத்தன, குறித்த ஒரு தொழிலில் தமிழ் மொழியில் மதிப்பிடக்கூடிய மதிப்பீட்டாளர்கள் எத்தனை பேர் வடக்கில் இருக்கிறார்கள் என்பவையே கேட்கப்பட வேண்டியவை. இவற்றுள் கடைசிக் கேள்வி என் மனத்துக்கு மிக நெருக்கமானது. ஒட்டுவேலையில் (வெல்டிங்) கைதேர்ந்த ஒரு பிள்ளை, தன் வேலையைப் பற்றித் தன் மொழியில் கேட்கப்படும் கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்வான். அந்த வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கிறதா இல்லையா என்பதைத் தொகைகளால் மட்டும் அறிய முடியாது.

வியாபார ஒழுங்குவிதிகளின் பக்கம் நிலைமை வேறு. அங்கே விதிகள் இருக்கின்றன, படிவங்களும் இருக்கின்றன. சிரமம் என்னவென்றால், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அலுவலகம் பொறுப்பு. கோண்டாவிலிலோ சுன்னாகத்திலோ ஒருவர் இரும்புக் கேற் செய்யும் பட்டறையைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தனியாளாகவோ பங்காளிகளாகவோ தொழில் செய்தால் வியாபாரப் பெயரைப் பதிவதற்குப் பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும். அதற்கு முன்னர் விதானையாரின், அதாவது கிராம உத்தியோகத்தரின், உறுதிப்படுத்தல் வேண்டும். கம்பனியாகப் பதிவதென்றால் அது 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கொழும்பிலுள்ள கம்பனிப் பதிவாளர் நாயகத்திடம் போகும். வியாபார உரிமம் உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு. அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. சத்தம், புகை, கழிவுநீர் உள்ள தொழிலாயின் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம் தேவைப்படலாம். ஓர் ஆளை வேலைக்கு வைத்தவுடன் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதமும் செலுத்தும் கடமை வந்துவிடுகிறது.

இந்த விதிகளில் எதுவும் தேவையற்றதென்று நான் சொல்லமாட்டேன். சேமலாப நிதி இல்லாமல் முப்பது ஆண்டு உழைத்து வெறுங்கையுடன் வீட்டுக்குப் போனவர்களை எங்கள் ஊரில் எல்லோரும் அறிவார்கள். என் கவலை, மறுப்பு வாய்ச்சொல்லாக வருவதைப் பற்றியது. "இது இப்ப செய்ய ஏலாது", "அடுத்த மாதம் பாருங்கோ", "மேலிடத்திலிருந்து வரவேண்டும்" என்ற சொற்களுடன் திரும்பி வருகிறவருக்கு எதைத் திருத்த வேண்டும் என்றே தெரியாது. மிளகாய்த்தூள் அரைக்கும் சிறிய ஆலை ஒன்றுக்கு அனுமதி கேட்ட ஓர் அக்காவுக்கு இப்படித்தான் ஒரு மறுப்புச் சொல்லப்பட்டது. மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டு ஒரு பக்கக் கடிதம் அனுப்பினோம். வந்த பதிலில், தூசி அயல் வீட்டுப் பக்கம் போவதாகவும் அந்தப் பக்கத்தில் தடுப்பு இல்லையென்றும் எழுதியிருந்தது. அவர் சுவரை உயர்த்தி, அரைக்கும் அறையின் வாசலை மறுபக்கம் மாற்றி, மீண்டும் விண்ணப்பித்தார், அனுமதி கிடைத்தது. அலுவலகம் சொன்ன காரணம் நியாயமானது. அது எழுத்தில் வரும்வரை அவருக்கு அது தெரியாது என்பதே விடயம்.

இங்கே நான் குறிப்பிட்ட உரிமை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தைப் பெரிய ஊழல்களை வெளிக்கொணரும் ஆயுதமாகவே பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதன் 35 ஆம் பிரிவு மிக எளிமையான ஒன்றைச் சொல்கிறது: ஓர் அரச அலுவலர் எடுத்த தீர்மானத்தால் பாதிக்கப்பட்ட குடிமகன் கேட்டால், அத்தீர்மானத்துக்கு வந்ததற்கான காரணங்களை அந்த அலுவலர் எழுத்தில் வெளிப்படுத்த வேண்டும். பாராளுமன்றத்தில் (ஆ) என்ற எழுத்தின் கீழ் கேட்கப்படுவதையே இந்தப் பிரிவு நம் ஒவ்வொருவரின் கையிலும் தந்திருக்கிறது.

தகவல் கேட்பதற்கான நடைமுறையும் கடினமானதல்ல. எழுத்தில் கேட்க முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அதை எழுத்தாக்கித் தகவல் உத்தியோகத்தர் உதவ வேண்டும். எதற்காகத் தகவல் வேண்டுமென்று கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை. இயன்றளவு விரைவாக, எப்படியும் 14 வேலை நாட்களுக்குள், தருவதா மறுப்பதா என்ற தீர்மானம் எடுக்கப்பட வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரங்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். அதன்பின்னும் திருப்தியில்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு வருபவர்களுக்கு நான் எப்போதும் வலியுறுத்துவது, கடிதம் கிடைத்ததற்கான எழுத்துமூல ஒப்புகையைப் பெறாமல் வெளியே வரவேண்டாம் என்பதுதான். திகதியுள்ள அந்தத் தாள் இல்லாவிட்டால் மேற்சொன்ன காலக்கெடுக்கள் எதையும் கணக்கிட முடியாது.

நிர்வாகத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரிடம் கேட்பது என்பதிலேயே பலர் களைத்துப்போகிறார்கள். பிரதேச செயலகம் மத்திய அரசாங்கத்தின் கீழுள்ளது. பிரதேச சபையை மேற்பார்வை செய்வது மாகாண நிர்வாகம். நைட்டா மீண்டும் மத்தியின் கீழ் வருகிறது. வட மாகாண சபை 2013 ஆம் ஆண்டுத் தேர்தலுடன் இயங்கத் தொடங்கி 2018 ஒக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடத்தப்படாததால், மாகாணத்துக்குரிய விடயங்களில் அமைச்சரை எழுந்து நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் தெரிவுசெய்யப்பட்ட சபையொன்று எங்களுக்கு இல்லை. பாராளுமன்றத்தில் கேட்டால் "இது மாகாண சபைக்குரிய விடயம்" என்ற விடை வரக்கூடும். மாகாணத்திலோ கேட்பதற்கு உறுப்பினர் இல்லை. இந்த வெற்றிடத்தில் குடிமகனின் எழுத்துமூலக் கேள்விக்கு முன்னெப்போதையும்விட அதிகப் பொறுப்பு வந்து சேர்ந்திருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

அலுவலர்களுக்கும் இதில் நன்மை உண்டு. கொழும்பிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும் சுற்றறிக்கைகளுக்கு நடுவே, ஆளணிப் பற்றாக்குறையுடன், பொறுமையாக வேலை செய்பவர்கள் பலரை நான் அறிவேன். எந்தச் சுற்றறிக்கையின் எந்தப் பந்தியின்படி மறுத்தேன் என்று எழுதி வைக்கும் அலுவலர், நாளை இடமாற்றம் பெற்றுப் போனாலும் தன் தீர்மானத்துக்குக் கோப்பில் பாதுகாப்பு வைத்துவிட்டுப் போகிறார். அவருக்குப் பின் வருபவரும் அதே கேள்விக்கு வேறு விடை சொல்லும் சங்கடத்திலிருந்து தப்புகிறார். சட்டம் புதிய பதிவேடுகளைக் குறைந்தது 12 ஆண்டுகள் பேண வேண்டுமென்று சொல்வது இதற்கெல்லாம் துணையாக இருக்கிறது.

மொழியைப் பொறுத்தவரை எங்கள் மாகாணத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தம் வடக்குக் கிழக்கில் தமிழை நிர்வாக மொழியாக நிறுத்தியது. அலுவலகத்திலிருந்து வரும் பதிலைத் தமிழில் பெறும் உரிமை எங்களுக்கு உண்டு. ஹன்சாட்டில் நிலைமை சற்று வேறானது. வினா மூன்று மொழிகளிலும் அச்சாகிறது. விடையோ அமைச்சர் பேசிய மொழியிலேயே அச்சாகிறது. ஆகவே யாழ்ப்பாணத்துப் பயிலுநர்களைப் பற்றிய வினாவைத் தமிழில் வாசிக்கும் சாவகச்சேரிப் பிள்ளை, அதற்குச் சிங்களத்தில் அளிக்கப்பட்ட விடைக்கு வரும்போது நின்றுவிடுகிறான். 2024 ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தாம் கேட்ட வினாக்களின் விடைகளைத் தமிழில் எழுதி, விடையுடன் சபையில் சமர்ப்பிக்கப்பட்ட இணைப்புகளுடன் தங்கள் அலுவலகங்களில் மக்கள் பார்வைக்கு வைப்பது அவர்களுக்குப் பெரிய செலவுள்ள வேலையல்ல. அதைச் செய்யும்படி அவர்களைக் கேட்டு நான் எழுதவிருக்கிறேன்.

வாசகர்களிடமும் எனக்கொரு வேண்டுகோள் இருக்கிறது. வியாபாரப் பதிவு, வியாபார உரிமம், பயிலுநர் ஒப்பந்தம், முன்கற்றல் மதிப்பீடு ஆகியவை தொடர்பாக உங்களுக்கு வந்த பதில் கடிதங்கள் இருந்தால், பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மறைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். மாவட்டத்தின் பதினைந்து பிரதேச செயலகப் பிரிவுகளிலும் ஒரே கேள்விக்கு எத்தனை விதமான விடைகள் தரப்படுகின்றன, எவற்றில் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது என்பதை ஒன்றாக வைத்துப் பார்த்து, அடுத்த பதிவில் எழுத எண்ணியிருக்கிறேன். மதிப்பீடு முடிந்தும் சான்றிதழ் வராமல் காத்திருப்பவர்களின் கடிதங்களை முதலில் எடுத்துக்கொள்வேன். அவர்களுள் வெளிநாட்டு வேலைக்கான நேர்முகத் திகதி கிடைத்தவர்கள் அத்திகதியையும் சேர்த்துக் குறிப்பிடவும்.