ஊசி எந்த வழியாகப் போகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ரேடியாலஜி ரெஜிஸ்ட்ராராக (சிறப்புப் பயிற்சி மருத்துவராக) இருந்தபோது, எஃப்.சி.ராட் என்ற ரேடியாலஜி சிறப்புத் தகுதியின் இறுதித் தேர்வுக்கு முன் ஒரு மாதிரி வைவா (வாய்மொழித் தேர்வு). ஃபைப்ராய்ட் எம்போலைசேஷனுக்கு (கருப்பைக் கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது) முன், தொற்றைத் தடுக்க என்ன ஆன்டிபயாட்டிக் என்றார் கன்சல்டன்ட். செஃபசோலின் என்றேன். பித்தநீர் டிரெயினேஜுக்கு? அதற்கும் செஃபசோலின். ஐ.வி.சி. ஃபில்டருக்கு (வயிற்றின் பெரிய சிரையில் ரத்தக்கட்டியைப் பிடிக்க வைக்கும் வலை)? வாய் தானாகச் செஃபசோலின் என்றது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று இரவு நானும் கூடப் படித்தவரும் பன்னி சௌ சாப்பிட்டோம், ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது. (பெயரைக் கேட்டு ஊரில் அம்மா பதறினார்; உள்ளே பீன்ஸ் கறிதான்.) அது சுற்றி வந்த தாளிலேயே, எண்ணெய்க் கறைக்கு நடுவில், மருந்துப் பெயர்களை விட்டுவிட்டு ஊசி போகும் வழியை எழுதினோம். தோல், ரத்தக்குழாய் மட்டும் என்றால் சுத்தமான வழி: சாதாரண ஆஞ்சியோகிராம், ஃபில்டர் இரண்டுக்கும் வழக்கமாக மருந்தே வேண்டாம். அடைபட்ட பித்தக்குழாய் அப்படியல்ல. குடல் கிருமிகள் இருக்கும் இடம். செஃப்ட்ரையாக்ஸோன் என்றால், அதற்குக் கட்டுப்படாத குடல் கிருமியான எண்டரோகாக்கஸை யார் பார்ப்பது என்று அடுத்த கேள்வி வரும், தயாராக இருங்கள். கல்லீரல் கட்டிக்கு டேஸ் (ரத்தக்குழாய் வழியே புற்றுநோய் மருந்தைச் செலுத்தி அதை அடைப்பது) செய்யும்போது, முன்பே விப்பிள் ஆபரேஷன் (கணையத்தின் தலைப்பகுதியை எடுப்பது) ஆனவரா என்று கேளுங்கள். குடலோடு இணைத்த பித்தக்குழாய் இருந்தால் கல்லீரலில் சீழ்கட்டி வரும் ஆபத்து பல மடங்கு.

அளவு, நேரம் மட்டும் மனப்பாடம்தான். செஃபசோலின் 2 கிராம், 120 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 3. தோலைத் துளைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள். வான்கோமைசின் மெதுவாக ஏறுவதால் 120 நிமிடத்துக்குள் தொடங்கலாம்.

நெஃப்ராஸ்டமியை (முதுகு வழியே சிறுநீரகத்துக்குள் குழாய் வைத்துச் சிறுநீரை வடிப்பது) நன்றாகப் படியுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றி, சிறுநீர்க்குழாய் அடைத்து வரும் பெண்கள் இங்கே நிறைய. காய்ச்சலோடு வந்தால் கொடுப்பது தடுப்பு மருந்து அல்ல, சிகிச்சை. ஒரு டோஸோடு நிறுத்தக் கூடாது. அப்படி வந்த ஒரு அம்மாவுக்கு மருந்து போட்ட பிறகும், படம் அழகாக வரட்டும் என்று கான்ட்ராஸ்டை (எக்ஸ்ரேயில் தெரியும் திரவம்) அழுத்தி ஏற்றினேன். கால் மணி நேரத்தில் மேசையே அதிரும்படி நடுங்கினார். முதலில் தேங்கிய சிறுநீரை இறக்கியிருக்க வேண்டும். அழுத்தம் கூடினால் கிருமி ரத்தத்துக்குள் போய்விடும். இரண்டு நாள் ஐ.சி.யூ.வில் இருந்து தேறினார்.

இறுதி வைவாவில் நெஃப்ராஸ்டமி பற்றிய கேள்வியே வந்தது. "எவ்வளவு கான்ட்ராஸ்ட் போடுவீர்கள்?" குழாய் இடத்தில் இருக்கிறதா என்று தெரியும் அளவுக்கு மட்டும் என்றேன்.