தாய்மொழி என்ற கட்டம்

2011 பிப்ரவரி. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக மதுரை காமராசர் சாலையை ஒட்டிய சில சந்துகளை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். பகலில் பள்ளிக்கூடம், மாலையில் படிவக்கட்டு.

முதல் இரண்டு வீடுகளில் தாய்மொழிக் கட்டத்தைக் கேட்காமலேயே ‘தமிழ்’ என்று நிரப்பிவிட்டேன். வாசலில் நின்று பேசியவர்களின் பேச்சு அச்சு அசல் மதுரைத் தமிழ். பிறகு எதற்குக் கேட்க வேண்டும்?

மூன்றாவது வீட்டில் மாட்டிக்கொண்டேன். கூடத்தில் ஒரு பாட்டி வெள்ளைத் துணியை நகத்தால் கிள்ளிக் கிள்ளி நூல் சுற்றிக்கொண்டிருந்தார். சுங்குடி முடிச்சு. சாயத்தில் முக்கி அவிழ்த்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். உள்பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். ‘பாணி’ என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது.

சௌராஷ்டிரர்கள். நாயக்கர் காலத்திலேயே மதுரையில் பட்டு நெய்து ‘பட்டுநூல்காரர்’ என்று பெயர் பெற்றவர்கள், குஜராத்திக்கு உறவான மொழி என்றெல்லாம் படித்திருக்கிறேன். ஐந்து வருடம் அதே தெருவில் காய்கறி வாங்கியும் காதில் விழுந்ததில்லை.

சிறுவயதில் தாய் பேசிய மொழியே தாய்மொழி. ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்க வேண்டும் என்பது விதி. பாட்டி சௌராஷ்டிரம் என்றார். மகன் சற்று யோசித்து, “தமிழ் என்றே எழுதுங்கள் சார். படித்தது, கையெழுத்துப் போடுவது எல்லாம் தமிழ்தானே” என்றார்.

பாட்டி முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உனக்கு நான் தமிழிலா தாலாட்டுப் பாடினேன்?” என்றார். அதைத் தமிழில் கேட்டது எனக்குப் புரியட்டும் என்றுதான்.

எட்டாம் வகுப்புப் பேத்தி, பாட்டியிடம் அது, அம்மாவிடம் இரண்டும், தம்பியிடம் தமிழ் என்றாள். “அவளுக்குச் சௌராஷ்டிரம் எழுதுங்கள்” என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. மகனுக்கு மட்டும் தமிழ் என்று எழுதி, அறிந்த பிற மொழியில் சௌராஷ்டிரத்தைச் சேர்த்தேன். சொன்னதைச் சொன்னபடி எழுது என்பதும் விதிதான்.

அவர் எதையும் மறைத்ததாக நான் நினைக்கவில்லை. தமிழ் உச்சரிப்புக்கு இன்றும் உதாரணம் காட்டப்படும் டி.எம்.சௌந்தரராஜனும் மதுரைச் சௌராஷ்டிரர்தான். பாட்டுக்கு நடுவே அவரிடம் யாரும் படிவம் நீட்டவில்லை.

சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 1991-இல் ஏறத்தாழ 2.2 லட்சம், 2001-இல் 1.85 லட்சம், 2011-இல் 2.47 லட்சம் என்று பின்னர் பார்த்தேன். பத்தாண்டில் முப்பத்தைந்தாயிரம் பேர் மாயமாகி, அடுத்த பத்தாண்டில் அறுபதாயிரம் பேர் முளைத்தார்களா என்ன? இதில் என்னைப் போன்றவர்களின் பேனாவுக்கும் பங்கு இருக்கும்.

அன்று இருட்டுவதற்குள் முதல் வீட்டுக்குத் திரும்பிப் போனேன். நான்கு பேருக்கும் அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. “கேட்டால்தானே சார் சொல்வோம்” என்றார் வீட்டுக்காரர். இரண்டாவது வீடு பூட்டியிருந்தது. மறுநாள் மறுபடி போனேன்.