எஃப்.எம் டிரான்ஸ்மிட்டர்: மூன்று ஞாயிறுகளைத் தின்ற ஐந்து சுற்றுக் காயில்

நேற்று இரவு என் எம்பி3 பிளேயரில் ஓடிய பாட்டு, நான் கட்டிய சிறு எஃப்.எம் டிரான்ஸ்மிட்டர் வழியாக, அடுத்த அறையிலிருந்த அப்பாவின் வானொலியில் 96 மெகாஹெர்ட்ஸில் இருபது நிமிடங்கள் இடம் பெயராமல் ஒலித்தது. ஒற்றை பிசி547 டிரான்சிஸ்டருக்கு இதெல்லாம் ஒரு சாதனையா என்று கேட்பவர்கள், அந்த மின்சுற்றைப் பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் துளைப் பலகையில்) கட்டிப் பார்க்காதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

22 எஸ்.டபிள்யூ.ஜி தடிமனுள்ள எனாமல் கம்பியை 5 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் தண்டில் ஐந்து சுற்றுச் சுற்றி, 6 மில்லிமீட்டர் நீளத்துக்கு இழுத்துவிட்டால் ஏறத்தாழ 0.1 மைக்ரோஹென்றி தூண்டல்திறனுள்ள காயில் கிடைக்கிறது. 96இல் நிற்க அதற்குத் துணையாக வேண்டிய மின்தேக்குத்திறன், டிரிம்மர் (திருகிக் கூட்டிக் குறைக்கும் சிறு மின்தேக்கி), டிரான்சிஸ்டர், பலகை எல்லாவற்றையும் கூட்டினாலும் 27 பிக்கோஃபாரட்தான். அதில் ஒரே ஒரு பிக்கோஃபாரட் மாறினால் அலைவரிசை ஒன்றேமுக்கால் மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும் என்று கணக்குப் போட்ட பிறகுதான், பிரெட்போர்டின் உள்ளே இருக்கும் அடுத்தடுத்த உலோகப் பட்டைகளே சில பிக்கோஃபாரட்டைத் தம் பங்குக்குச் சேர்க்கின்றன என்பது உறைத்தது. இரும்புத் திருப்புளியால் டிரிம்மரைத் திருப்பி 96இல் நிறுத்துவேன். கையை எடுத்ததும், கையும் இரும்பும் சேர்த்திருந்த மின்தேக்குத்திறன் போய், அலைவரிசை மேலேறி, 98.3இல் இருக்கும் ரேடியோ மிர்ச்சி நிலையத்தின் காலடியில் போய் விழும்.

இப்போது செப்புத் தகட்டுப் பலகையின் மேல் பாகங்களின் கால்களைக் குட்டையாக வெட்டி நேரடியாகப் பற்றவைத்துள்ளேன். பழைய பிளாஸ்டிக் பல் துலக்கியின் பிடியை அரத்தால் ராவித் திருப்புளியாக்கிக்கொண்டேன். டிரிம்மரைத் திருப்ப இதைவிட நல்ல கருவி கிடையாது. மேசையைத் தட்டினால் ஒலி அதிர்ந்ததால், காயிலின் மேல் மெழுகுவர்த்தியைச் சொட்டவிட்டேன். மெழுகு உறைந்ததும் அலைவரிசை சற்று இறங்கியது. டிரிம்மரை மறுபடி திருப்ப வேண்டியிருந்தது.

சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் டிரிம்மர் என்று கேட்டால் முதலில் டிரிம்பாட்டைத்தான் (திருகி மாற்றும் மின்தடையைத்தான்) எடுத்து நீட்டுகிறார்கள். மூன்றாவது கடையில் கிடைத்ததன் மேலும் மதிப்பு எதுவும் அச்சிடப்படவில்லை.

ஆன்டெனாவாக ஒரு சாண் கம்பிக்கு மேல் வைக்கவில்லை. உரிமமின்றி ஒலிபரப்புவது சட்டப்படி தவறு என்பதால், ஒலி வீட்டுச் சுவரைத் தாண்டாதிருப்பதே நல்லது.

உயர் சுருதிகள் இன்னும் மந்தமாகவே கேட்கின்றன. நம் நாட்டு வானொலிகள் எதிர்பார்க்கும் 50 மைக்ரோவினாடி முன்னழுத்தத்தை (அனுப்பும் முன் உயர் சுருதிகளைத் தூக்கிவிடும் ‘ப்ரீ-எம்பசிஸ்’) நெருங்க, உள்ளீட்டில் 47 கிலோஓம் மின்தடையையும் 1 நானோஃபாரட் மின்தேக்கியையும் ஒன்றுக்கொன்று இணையாக வைக்கலாம். ஆனால் பிளேயரின் ஒலி அதில் பெரிதும் தேய்ந்துவிடும் என்பதால், அதற்கு முன்னால் ஒரு பெருக்கி தேவைப்படும். 9 வோல்ட் பேட்டரி இறங்க இறங்க அலைவரிசையும் நகர்வதால், மின்னழுத்தத்தை 5 வோல்ட்டில் நிலையாக வைக்கும் 78எல்05 சில்லு ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறேன். சோப்பு டப்பாவில் துளை போடும் வேலை இன்னும் தொடங்கவில்லை.