கால், உடம்பு, கை

மார்ச் 3, செவ்வாய்

நேற்று ராத்திரி ‘தி நாவிஸ்’ பார்த்துவிட்டு ரெண்டு மணி வரை தூக்கம் வரவில்லை. 2021-ல் வந்த அமெரிக்கப் படம். லாரன் ஹடவே எழுதி இயக்கிய முதல் படம். அலெக்ஸ் டால் என்று ஒரு பெண், கல்லூரியில் முதல் வருஷம். துடுப்பைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள் படகு அணியில் போய்ச் சேர்கிறாள். அப்படிப் புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே நாவிஸ் என்று பெயர். அவர்களுக்கு மேலே வார்சிட்டி, அதாவது கல்லூரியின் முதன்மை அணி. அவளுக்கு வார்சிட்டி படகில் இடம் வேண்டும். கதை அவ்வளவுதான்.

காலையில் பல் தேய்க்கும்போது வாய் தன்னால் சொல்கிறது: கால், உடம்பு, கை. கை, உடம்பு, கால். துடுப்பு போடும் வரிசை இது. படம் முழுக்க அவள் இதை முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாள்.

மார்ச் 4, புதன்

ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது, இன்றைக்குத்தான் பிடிபட்டது. இந்தப் படத்தில் வில்லனே இல்லை.

ஹடவே அடிப்படையில் ஒலித்துறை ஆள். ‘விப்லாஷ்’ படத்தின் ஒலியில் வேலை செய்தவர். ஆனால் அதில் கத்துவதற்கு ஒரு வாத்தியார் இருந்தார். டிரம்ஸ் கற்கிற பையன் கையில் ரத்தம் வந்தால் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். இங்கே பயிற்சியாளர்கள் நல்லவர்கள். யாரும் அவளை விரட்டவில்லை. வீட்டில் வறுமையா? காட்டவில்லை. படிப்புக்கு முழு உதவித்தொகை ஏற்கெனவே கையில் இருக்கிறது. இயற்பியலை எடுத்ததுகூட அவளுக்கு அதுதான் வரவே வராத பாடம் என்பதால்.

அவள் கூடவே நாவிஸாகச் சேர்ந்த ஜேமி பிரில்லுக்கு (ஏமி ஃபோர்சித், அருமையாகச் செய்திருக்கிறார்) காரணம் இருக்கிறது. விளையாட்டு உதவித்தொகை வந்தால்தான் அவள் பாடு ஓடும். அலெக்ஸுக்கு அந்தப் பணம் தேவையே இல்லை என்று தெரியவரும்போது ஜேமிக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அது நியாயமான கோபம். பசிக்காதவள் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

மார்ச் 7, சனி

ஜிம்மில் ஓரமாக ஒரு துடுப்பு மெஷின் கிடக்கிறது. எர்க் என்கிறார்கள். யாரும் அதில் ஏறிப் பார்த்ததில்லை. இன்று நான் ஏறினேன்.

படகுப் போட்டியின் தூரம் 2000 மீட்டர். பக்கத்தில் இழுப்பின் கனத்தை மாற்ற ஒரு நெம்புகோல், 1 முதல் 10 வரை எண்கள். வீரனில்லையா, 10-ல் வைத்தேன். எதிரே சின்னத் திரையில் ஒரு கணக்கு ஓடுகிறது. இதே வேகத்தில் போனால் 500 மீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று. 2:05-ல் ஆரம்பித்தேன். மூன்றாவது நிமிஷத்தில் 2:40. தொடை எரிகிறது, தொண்டையில் இரும்பு ருசி. கண் அந்த எண்ணை விட்டு நகரவே இல்லை. பக்கத்தில் யாரோ கேட்டது காதில் விழுந்தது, ஆனால் என்ன கேட்டார் என்று இப்போதும் தெரியாது. முடித்தபோது 9:41. இறங்கியவன் பத்து நிமிஷம் தரையிலேயே கிடந்தேன். வலது உள்ளங்கையில், மோதிர விரலுக்குக் கீழே, பட்டாணி அளவில் கொப்புளம்.

படத்தில் ஒரு இடத்தில் அவள் மெஷினை விட்டு இறங்காமல் உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் போய்விடுகிறாள். ‘கொஞ்சம் ஓவர்’ என்று நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

சித்தி மகளுக்கு போன் போட்டேன். அமெரிக்காவில் படித்தபோது ஒரு வருஷம் நாவிஸ் படகில் இருந்தவள்.

“நெம்புகோலை பத்துல வெச்சியாண்ணா?” சிரித்தாள். “முதல் நாள் எல்லாரும் அதைத்தான் பண்ணுவாங்க. நாலு, அஞ்சு போதும்.”

சீட் ரேஸ் பற்றியும் சொன்னாள். ரெண்டு படகு பக்கத்துப் பக்கத்தில் ஓடும். வித்தியாசத்தைக் குறித்துக்கொள்வார்கள். அப்புறம் இந்தப் படகில் ஒருத்தியையும் அந்தப் படகில் ஒருத்தியையும் மட்டும் இடம் மாற்றி உட்கார வைத்து மறுபடி ஓட்டம். வித்தியாசம் எந்தப் பக்கம் நகர்கிறதோ, அந்தப் பெண்ணுக்கு இடம். மற்றவர்கள் அப்படியே இருக்க, மாறியது நீ மட்டும்தான் என்பதால் தப்பிக்க வழியே கிடையாது. தோழியோடு பேசிக்கொண்டே கரைக்கு வரவும் வேண்டும்.

தெரியாதவர்களை ஏன் சேர்க்கிறார்கள் என்று கேட்டேன். 1972-ல் வந்த ‘டைட்டில் 9’ சட்டம்தான் மூலம். அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஒன்றே பையன்களுக்கான இடங்களை ஏராளமாக விழுங்கிவிடும். பெண்களுக்கும் சரிக்குச் சரி வாய்ப்புத் தரவேண்டும் என்றானதும், ஒரு படகுக்கே எட்டுத் துடுப்பும், படகைத் திருப்பிக் கட்டளை சொல்ல ஒரு காக்ஸும் என்று ஆள் கேட்கிற இந்த விளையாட்டு கல்லூரிகளுக்குத் தோதாக அமைந்தது. 1997 முதல் பெண்கள் துடுப்புக்கு என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் சங்கம்) சாம்பியன்ஷிப் நடக்கிறது. ஆண்கள் துடுப்பு இன்றும் அதற்குள் இல்லை. ஆக, ஜேமியின் உதவித்தொகைக் கணக்கு சினிமாக் கணக்கு இல்லை.

மார்ச் 14, சனி

ரெண்டாவது தடவை, ஹெட்போன் போட்டு. கதையை இயக்குநர் காதுக்குத்தான் சொல்லியிருக்கிறார். இருக்கை உருளும் சத்தம், மூச்சு, முணுமுணுப்பு, நடுவே சம்பந்தமே இல்லாமல் இனிப்பாக ஒரு பழைய பாட்டு. அலெக்ஸாக வரும் இசபெல் ஃபர்மன் முகத்தில் சந்தோஷம் என்பதே கிட்டத்தட்ட இல்லை. ஜெயிக்கும்போதும் இல்லை. காதல் பகுதி மட்டும் எனக்கு ஒட்டவில்லை. அந்த டீச்சிங் அசிஸ்டென்ட் இவளிடம் என்னதான் கண்டார் என்று ரெண்டாம் தடவையும் புரியவில்லை.

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள். கடைசிப் போட்டியில் இடி மின்னலில் மற்றவர்கள் திரும்பிவிட, அவள் மட்டும் ஒற்றைப் படகில் போய் முடிக்கிறாள். நனைந்தபடி உள்ளே வந்து, பெயர்களை வரிசைப்படுத்தி எழுதிய பலகையிலிருந்து தன் பெயரை அழிக்கிறாள். விடுதலையா, இல்லை இந்த மலை முடிந்தது, அடுத்த மலை எங்கே என்பதா? போன தடவை முதலாவது என்று நினைத்தேன். இந்தத் தடவை ரெண்டாவது.

தங்கையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை.

“எங்க பலகையில நான் ஏழாவது. ஆறாவது இருந்தவ டைம் 7:38.4.”

“அவ பேரென்ன?”

“அதான்ணா இவ்வளவு நேரமா யோசிச்சிட்டு இருக்கேன்.”