அட்டைக் காசோலை

நேரலை ஒளிபரப்புக் கருவிகள் ஏற்றிய ஓபி வேன் உள்ளே வர முடியவில்லை. ராயபுரத்துக்கு வரும் வழியில் ஒரு ரயில்வே சுரங்கப்பாதை. அதன் உயரத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. அளந்திருக்க வேண்டியவன் நான்தான். வண்டி ஊரைச் சுற்றி வந்து சேர மதியம் இரண்டாகிவிட்டது, ஒத்திகை நேரத்தில் பாதி போச்சு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியதே, அப்போது படகும் வலையும் கறுத்துப்போன மீனவக் குடும்பங்களுக்காக நடத்திய நேரலைக் கச்சேரி. நான் ஃப்ளோர் மேனேஜர், இயக்குநர் சொல்வதை மேடைப் பக்கம் நடத்திவைப்பவன். காதில் ஹெட்செட், கையில் ரன் ஆர்டர், அதாவது நிகழ்ச்சி வரிசைத் தாள்.

பாடகர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம் என்பார்கள். என்னைப் படுத்தியது நாற்காலி. முதல் வரிசையை விளம்பரதாரர்களுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. திடீரென்று இயக்குநர், மீனவப் பெண்களை அங்கே உட்கார வை, கண் கலங்குவது க்ளோசப்பில் வேண்டும் என்றார். கேட்கப் போனேன். ஓர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா கண்ணு, எங்க மூஞ்சிய காட்டித்தான் துட்டு கேப்பீங்களா?"

எனக்கு வாய் வரவில்லை. அவர்களே நாற்காலியை இழுத்துப்போட்டு டோலக்காரர்கள் பக்கம் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் லைட் போதாது சார் என்று இயக்குநரிடம் சொன்னேன். பொய்தான்.

கானாவுக்கு ஒதுக்கியது நான்கு நிமிடம். (சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிற பாட்டுக்கு நான்கு நிமிடம்!) கூட்டம் கைதட்டத் தட்ட கானா பாடகர் வரிமேல் வரி கட்டிக்கொண்டே போனார். என் காதுக்குள் "முடிக்கச் சொல்லு, முடிக்கச் சொல்லு". விரலைச் சுழற்றிக் காட்டினேன். எங்கள் பாஷையில் அதற்கு 'முடி' என்று அர்த்தம். டோலக்காரர்களோ வேகமாக அடிக்கச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார்கள். டோலக் பறந்தது. இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும், சட்டம் அப்படி. கடைசியில் வந்த பிரபலத்தின் இரண்டு பாட்டு ஒன்றாகச் சுருங்கியது. அதை அவரிடம் போய்ச் சொன்னதும் நான்தான்.

மேடையில் பெரிய அட்டைக் காசோலை கொடுத்துப் படம் எடுத்தோம். அறிவித்த தொகை வேறு, கைக்கு வந்தது வேறு. ஃபோனில் தருவதாகச் சொன்னவர்களைத் திரும்பத் திரும்ப அழைத்து வசூலிக்கவே மூன்று மாதம் ஓடியது.

மறுநாள் காலை பந்தல் பிரித்துக்கொண்டிருந்தோம். காசிமேட்டில் எடுத்த மீன் கூடையோடு அதே அம்மா அந்தப் பக்கம் வந்தார். சுவரில் சாய்ந்திருந்த அட்டையைப் பார்த்து நின்றார்.

"இத எந்த பேங்க்ல போடறது?"

சிரித்தார். அப்புறம், "நாஷ்டா துன்னியா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார்.