கும்மிப் பாட்டும் செண்டையும் சேர்ந்த மேடை

தூத்துக்குடிப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவன் நான். கல்யாணமான பிறகு மனைவியின் ஊரான கொழிஞ்சாம்பாறைக்குக் குடிவந்தேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. பொள்ளாச்சியிலிருந்து வரும்போது கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். தாண்டிய பிறகும் அதே தென்னந்தோப்பு, அதே கொங்குத் தமிழ். பஸ் போர்டும் பஞ்சாயத்து நோட்டீசும் மட்டும் மலையாளத்துக்கு மாறிவிடும். தமிழ் மீடியம் பள்ளிக்கூடங்கள் இங்கே உண்டு. கேரளம் என்றாலே விடாத மழை என்று நினைத்து வந்த எனக்கு, இது மழை குறைந்த பூமி என்பதும், விவசாயம் பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீரைத்தான் எதிர்பார்த்திருக்கிறது என்பதும் வந்த பிறகுதான் தெரிந்தது.

ரேஷன் கார்டு மாற்றியது, வண்டிக்கு கேஎல் நம்பர் வாங்கியது, மட்டை அரிசிச் சோற்றுக்கு வயிறு பழகியது எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். எனக்குப் பெரிய பாடாக இருந்தது வாசிப்புதான். இங்கே திருவிழாக்களில் கானமேளா, அதாவது மேடைப் பாட்டுக் கச்சேரி, நடத்தும் குழுக்கள் பல இருக்கின்றன. ஆனால் இப்போது எந்தக் குழுவும் முழு டிரம்ஸ் செட்டைச் சுமந்துகொண்டு போவதில்லை. ரிதம் பேட் என்கிற மின்னணுத் தட்டு ஒன்று இருந்தால் எல்லாச் சத்தமும் அதிலிருந்தே வந்துவிடும். வேனில் இடம் மிச்சம், செலவும் மிச்சம். அவர்கள் கணக்கு எனக்குப் புரிந்தது. ஆனாலும் தோலில் குச்சி பட்டுத் திரும்பி வரும் அந்த அதிர்வு கையில் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. சரி, நாமே ஒரு குழு ஆரம்பிப்போம் என்று முடிவு செய்தேன்.

இசைக்காரன் வந்து இறங்குவதற்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. கர்நாடக இசைப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர், மிருதங்கம் பாலக்காடு மணி ஐயர் இரண்டு பேரும் இந்த மாவட்டத்துக்காரர்கள். எம்.எஸ்.விஸ்வநாதன் 1928-ல் பிறந்த எலப்புள்ளி எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. ஆனால் என்னைப் புரட்டிப் போட்டது இவர்கள் யாருடைய இசையும் இல்லை. கோயில் மதிலுக்குள் நின்று கேட்ட பஞ்சாரி மேளம், கேரளக் கோயில்களில் செண்டைகளைக் கூட்டமாக வாசிக்கும் மேளங்களில் ஒன்று.

அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பஞ்சாரி ஆறு அட்சரக் கணக்கு; அட்சரம் என்றால் தாளத்தின் ஓர் எண்ணிக்கை. ஆனால் அந்த ஆறு எடுத்தவுடனே காதில் விழாது. காலம் என்று சொல்லும் ஐந்து கட்டங்களில், முதல் காலத்தில் ஒரு சுற்று முடிய 96 அட்சரம். அவ்வளவு நிதானம். பிறகு வேகம் கூடக் கூட 48, 24, 12, கடைசியாக ஐந்தாம் காலத்தில் 6. முன்வரிசையில் உருட்டுச் செண்டைக்காரர்கள் கையை விரித்து வாசிக்க, பின்னால் வீக்கன் செண்டைகளும் இலைத்தாளம் என்கிற கைத்தாளமும் அடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எதிரே குழலும் கொம்பும். மூன்று மணி நேரம் போகும். நாங்கள் மேடையில் நாலு நிமிடப் பாட்டுக்குள் மூன்று தடவை வேகம் காட்டிக் கைதட்டு வாங்கியவர்கள். இங்கே கூட்டம் ஒரு மணி நேரம் வேகமே இல்லாத அடியைக் கேட்டபடி, கையை மேலே தூக்கித் தாளம் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிறது. பதினெட்டு வாத்தியமும் செண்டைக்குக் கீழே என்று மலையாளத்தில் சொல்வார்கள். அன்றைக்கு அதை ஒப்புக்கொண்டேன்.

அந்த மேளத்தில் வாசித்த ஒரு ஆசானைத் தேடிப் போனேன். சித்தூர்க்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். செண்டையைத் தொடவே விடவில்லை. ஒரு கருங்கல்லைக் காட்டி, கையில் புளிமுட்டியைக் கொடுத்தார். புளியமரத்தில் செய்த கனமான குச்சி. செண்டை படிக்கும் பிள்ளைகள் முதலில் இதைக் கொண்டு கல்லில்தான் சாதகம் செய்வார்கள். டிரம்ஸ் குச்சி தானாகத் துள்ளும்; அந்தத் துள்ளலை நம்பியே எங்கள் வாசிப்பு. புளிமுட்டி துள்ளாது. ஒவ்வோர் அடியையும் மணிக்கட்டுதான் தூக்க வேண்டும். ராத்திரி சோறு பிசையக்கூடக் கை மடங்காது. ஆனால் அதற்குப் பிறகு என் ஸ்னேர் டிரம் அடியில் ஒரு தெளிவு வந்ததை நானே கேட்டேன்.

குழு ஒவ்வொருவராகச் சேர்ந்தது. பாலக்காட்டிலிருந்து பேஸ் கிட்டார் வாசிக்கும் ஒரு பையன், என்னை ‘ஏட்டா’ என்பான். எங்கள் தெருவிலேயே கீபோர்டு வாசிக்கும் கல்லூரி மாணவன், அவன் ‘அண்ணா’ என்பான். ஆசானின் சீடர்கள் இரண்டு பேர், ஒருவர் உருட்டு, ஒருவர் வீக்கன். பாடுவதற்கு வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு பெண். ஆனால் என்ன பாடுவது? சினிமாப் பாட்டை வாசிக்க இத்தனை பேர் தேவையில்லை. சொந்தமாக ஒரு பாட்டு வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம்.

அந்தப் பாட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தது. மாரியம்மன் பொங்கலுக்கு இந்தப் பக்கத்துப் பெண்கள் கும்மி அடிப்பார்கள். ஒரு சாயங்காலம் மாமியார் வாசலில் புளி உடைத்துக்கொண்டே கும்மிப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே பயிற்சிப் பேடில் பஞ்சாரியின் ஐந்தாம் காலத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றாக உட்கார்ந்தன. யோசித்தால் அதில் அதிசயம் இல்லை. கும்மி திஸ்ர நடை, அதாவது மூன்று மூன்றாகப் போகும் தகிட தகிட. இரண்டு தகிட சேர்ந்தால் பஞ்சாரியின் ஆறு. வெளியே ஓடிப்போய் இன்னொரு தடவை பாடச் சொன்னேன்.

“ஏனுங் மாப்ள, இதப் போயி மேடையில பாடறதா? இது நாங்க பொம்பளைங்க சும்மா பாடறதுங்க” என்றார். சொன்னாரே தவிர, அடுத்த வாரம் பாடகிக்கு எல்லா அடிகளையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். குனிந்து நிமிரும்போது கைத்தட்டு எங்கே விழ வேண்டும் என்பதையும் சேர்த்துக் காட்டினார்.

ஒத்திகைக்கு மாமனாரின் தேங்காய்க் களம். அறைக்குள் செண்டை வாசித்தால் மற்ற எவர் சத்தமும் கேட்காது, அதனால் வெட்டவெளிதான் சரி. அங்கேயும் காலால் மிதித்து அடிக்கும் என் கிக் டிரம்மும் வீக்கன் செண்டையும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டே இருந்தன. கடைசியில் அடியை முழுதாக வீக்கனிடம் விட்டுவிட்டேன். நான் ஹை-ஹாட் சிம்பலிலும் டாம் டிரம்மிலும் இடைவெளிகளை நிரப்பினேன். டிரம்மர் அடியை விட்டுக்கொடுப்பது லேசான காரியமில்லை. ஆனால் பாட்டுக்கு அதுதான் பொருத்தமாக இருந்தது. ஆசான் ஒருநாள் வந்து கேட்டுவிட்டு, ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்: “மைக்கில் இதைப் பஞ்சாரி மேளம் என்று சொல்லாதே. பஞ்சாரியின் கணக்கு என்று சொல்.” முழு மேளத்துக்கு எத்தனை பேர், எத்தனை வருடச் சாதகம் வேண்டும் என்று தெரிந்தவர் சொல்கிற வார்த்தை. இன்றுவரை அப்படியேதான் அறிவிக்கிறோம்.

முதல் நிகழ்ச்சி பக்கத்துக் கிராமத்து மாரியம்மன் கோயிலில், மாசி மாதம். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் எட்டு மணிக்கே ஏறிவிட வேண்டும். மைக் அனுமதிக்கான மனுவைப் பக்கத்து வீட்டு அண்ணன் மலையாளத்தில் எழுதிக்கொடுத்தார். நான் பயந்தது காற்றுக்குத்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பனிக்காலத்தில் அடிக்கும் கிழக்குக் காற்று மாசியிலும் முழுதாக ஓய்வதில்லை. மைக்கில் புசுபுசு என்று இரைகிறது, சிம்பல் ஸ்டாண்டோடு ஆடுகிறது. ஸ்பாஞ்ச் உறை போதவில்லை. அதற்கு மேல் பாடகி தன் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினார். நான் சிம்பல் ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை வைத்தேன். செண்டைக்கு மைக்கே வைக்கவில்லை. எந்தக் காற்றும் அதை ஒன்றும் செய்யாது.

முதலில் தெரிந்த பாட்டுகள் சிலவற்றை வாசித்தோம். கூட்டம் ரசித்தது, ஆனால் கடலை கொறித்தபடி பேசிக்கொண்டும் இருந்தது. அப்புறம் கும்மி. வீக்கன் மட்டும் நிதானமாகத் தொடங்கியது. 24-லிருந்து 12-க்கு இறங்கும்போது பேச்சு நின்றது. ஆறுக்கு வந்து பாடகி முதல் அடியை எடுத்ததும், முன்வரிசையிலிருந்த பெண்கள் எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வட்டம் கட்டினார்கள். மாமியாரும் அந்த வட்டத்தில் இருந்தார். அவர்கள் கைத்தட்டும் இலைத்தாளம் விழ வேண்டிய இடமும் ஒன்றாக இருந்தன. நாங்கள் நிறுத்த நினைத்த இடத்தில் அவர்கள் நிறுத்தவில்லை. அதனால் நாங்களும் நிறுத்தவில்லை.

சித்தூர் பகவதி கோயிலில் மாசியை ஒட்டி வரும் கொங்கன்படை, கொங்குப் படையைத் தோற்கடித்ததைக் கொண்டாடும் திருவிழா. அதைப் பார்க்க இந்தப் பக்கத்துத் தமிழர்களும் குடும்பத்தோடு போவார்கள். அந்தச் சித்தூர்ச் செண்டைக்குக் கொங்குக் கும்மி ஆடியதைப் பார்த்த எனக்கு, இந்த ஊரில் என் வேலை என்ன என்பதில் அதன்பிறகு சந்தேகம் வரவில்லை.

அடுத்த நிகழ்ச்சிக்குப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். 12-லிருந்து 6-க்கு மாறும் இடத்தில் பேஸ் கிட்டார் இன்னும் அரை அடி முந்துகிறது. அதைச் சரிசெய்ய அந்தப் பையனையும் ஆசானிடம் அனுப்பியிருக்கிறேன். அவனுக்கும் கருங்கல்லும் புளிமுட்டியும் கிடைத்திருக்கின்றன.